நல்லது மட்டும் நானூறு

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். படமும் கூடவே வந்தது.

ஈரப் படத்தைச் சீக்கிரம் காய வைக்க இதை விட்டால் வேறு வழி இல்லை என்று எட்டு மணிக்குத் தோன்றிய யோசனை அது. எட்டு ஐந்துக்கு, படத்தில் தபால் பெட்டியின் மேல் தூங்கவேண்டிய பூனை, இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு தூங்கியது.

"என்னங்க, என்ன நாத்தம் அது?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

"ஒண்ணுமில்ல, படம் காயுது!"

"காயுதா, கருகுதா?"

அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்ற நேரமெல்லாம் எதையாவது பிரித்துக்கொண்டே இருப்பார். பிரிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. திரும்ப மாட்டுவதில்தான் தகராறு. தெருவில் அவருக்கு 'ஆராய்ச்சி' என்றே பெயர். வீட்டில் பின்பக்கமாக ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. மழை பெய்தால் மட்டும் பாடும் ரேடியோ ஒன்று உண்டு. செடிகளுக்குத் தானாகவே தண்ணீர் பாய்ச்சுவதற்காக வாங்கிய பன்னிரண்டு அடி கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றும் உண்டு. அது ஒருமுறை தானாகவே பாய்ச்சியது, படுக்கை மேல்.

ஆனால் அவருக்கு உயிர் என்றால் அது புகைப்படம்தான். அதுவும் பழைய ஃபிலிம் கேமரா. பின்பக்கத்துச் சின்ன அறையின் ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, தானே படம் கழுவி, தானே அச்செடுத்து, இருபது வருஷமாக அந்த இருட்டறையில்தான் ராஜாவாக இருந்தார்.

இப்போது அந்த ராஜ்யத்துக்கு ஆபத்து வந்திருந்தது. மனைவியின் தம்பிக்கு இதே ஊரில் வேலை கிடைத்துவிட்டது. "வீடு கிடைக்கிற வரைக்கும் பத்து நாள் உங்க கூட இருக்கேன்க்கா" என்று போன் செய்திருந்தான். போன தடவையும் அதே பத்து நாள்தான். பதினாலு மாசம் ஓடியது. அந்தப் பதினாலு மாசமும் குளியலறை அவனுக்கு, டிவி அவனுக்கு, கடைசி வாய்ச் சோறும் அவனுக்கு.

"என் தம்பி என்னை நம்பி வர்றான். வேண்டாம்னு என் வாயால எப்படிங்க சொல்றது?" என்றாள் மனைவி. பிறகு கொஞ்சம் மனம் இளகி, "ஞாயித்துக்கிழமை போட்டோ சங்கத்துல இருந்து ஒருத்தர் வந்து உங்க படத்தைப் பாக்கறாருன்னு சொன்னீங்கல்ல? அவரு ஒண்ணே ஒண்ணைக் கண்காட்சிக்கு எடுத்துக்கிட்டாலும் ரூம் உங்களுக்கு. இல்லன்னா அன்னிக்கே கட்டில் போட்டுடணும்" என்றாள்.

அந்த ஞாயிறுதான் இது. பத்து மணிக்குச் சங்கத்துக்காரர். ஒன்பதரைக்கே மைத்துனன். அவர் மலைபோல் நம்பியிருந்த பூனைப் படமோ இஸ்திரிப் பெட்டியோடு சம்பந்தம் பண்ணிக்கொண்டு விட்டது.

சூடு ஏற்றினால் தானாகக் கழன்றுவிடும் என்று ஆராய்ச்சி பட்டனைக் கடைசி வரை திருகினார். புகை வந்தது. புகையை அணைக்கக் கையிலிருந்த டம்ளர் தண்ணீரை ஊற்றினார். 'டப்' என்றது. ஃபியூஸ் போயிற்று.

பூனையை மறுபடி அச்செடுக்கலாம் என்றால் அதற்கு விளக்கு வேண்டும், விளக்குக்குக் கரண்ட் வேண்டும். ஸ்டூல் போட்டு ஏறி, ஃபியூஸை மாற்றினார். எதை எதில் மாட்டினாரோ, இந்தத் தடவை மீட்டர் பெட்டிக்குள்ளேயே 'டமார்' என்றது. ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானாலும் பரவாயில்லை, இங்கே கையில் களிமண்கூட மிஞ்சவில்லை.

"எதையும் தொடாதீங்க! எலக்ட்ரீஷியன் சாயங்காலம்தான் வருவானாம்" என்றாள் மனைவி. "தம்பி வர்றதுக்குள்ள இந்தக் குழாயையாவது கண்ணுல படாம வைங்க!"

அவர் ரப்பர் குழாயைச் சுருட்டி, இருட்டறைக் கதவுக்கு மேலே இருந்த பலகையில் திணித்தார். அப்புறம்தான் உறைத்தது, கரண்ட் இல்லையென்றால் அழைப்பு மணியும் அடிக்காது! உடனே ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டார்: 'படம் எடுக்கும் வீடு இதுதான். கதவைத் தட்டவும்.'

ஒன்பதரைக்கு மைத்துனன் வந்தான். இரண்டு பெட்டி, ஒரு மெத்தை. பத்து நாளைக்கு மெத்தையோடு வருகிற ஆளை ஆராய்ச்சி அன்றைக்குத்தான் பார்த்தார்.

"என்ன மாமா, வீடே இருட்டா இருக்கு?" என்றபடி சோபாவில் சாய்ந்தான். "என் ரூம் காலி ஆயிடுச்சா?"

'என் ரூம்' என்று அவன் சொன்னதும் ஆராய்ச்சி இருட்டறைக் கதவைப் பார்த்துக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. காக்கி நிறச் சட்டை, முழங்கால் வரை பூட்ஸ், தோளில் ஒரு கித்தான் பை, பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு நீளக் கம்பி. பெரிய கலைஞர்கள் உடுப்பைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள் என்று ஆராய்ச்சி மனத்துக்குள் மெச்சிக்கொண்டார். கம்பி, கேமரா நிற்க வைக்கிற ஸ்டாண்டாக இருக்கும்.

வந்தவர் மனைவியைப் பார்த்தார். "வணக்கம் டீ..." என்று ஆரம்பித்தார். மனைவி கண்ணை உருட்டினாள். "...டீ எல்லாம் வேண்டாம்ங்க" என்று முடித்தார்.

கொடுப்பதற்கு முன்பே வேண்டாம் என்கிறாரே, என்ன ஒரு அடக்கம் என்று ஆராய்ச்சிக்கு மரியாதை கூடிற்று.

வந்தவர் சோபா பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இந்த வீட்டுல படம் எடுக்குதுன்னு சொன்னாங்க. எங்க எடுக்குது?" என்றார்.

'எடுக்கிறார்' என்று சொல்லியிருக்கலாம். 'எடுக்குது' என்றதில் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனாலும் ரூம் பெரிசா, மரியாதை பெரிசா?

"பின்னாடி இருட்டு ரூம்லதாங்க! இருபது வருஷமா!"

வந்தவர் முகம் லேசாக மாறியது. "இருபது... நெஜமாவா?"

"பொய் சொல்வேனா? நல்லது மட்டும் நானூறு இருக்கும். மத்ததுக்குக் கணக்கே இல்ல."

"நல்லதே நானூறா!" அவர் ஓர் அடி பின்வாங்கினார். மனைவியைப் பார்த்தார். மனைவி விட்டத்தைப் பார்த்தாள். "எப்படிங்க வச்சிருக்கீங்க?"

"டப்பாவுலதான். சுருட்டிச் சுருட்டி வச்சிருக்கேன். நீட்டி வச்சா இடம் பத்துமா?"

"மூடியா?"

"மூடாம? வெளிச்சம் பட்டா போச்சே!"

மைத்துனன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"வெறுங்கையாலயா தொடுவீங்க?" என்று வந்தவர் இன்னும் ஓர் அடி பின்வாங்கினார்.

"ஓரமாப் பிடிக்கணும்ங்க. நடு உடம்புல விரல் பட்டா காரியமே கெட்டுது. மருந்துல முக்கி, நல்லாக் குளிப்பாட்டி, வால்ல ஒரு கிளிப்பைப் போட்டுக் குளியலறைக் கொடியில தொங்க விட்டுடுவேன். ரெண்டு மணி நேரத்துல சொட்டச் சொட்ட வடிஞ்சுடும்."

"குளியலறையிலயா! வீட்டுல உள்ளவங்க பயப்பட மாட்டாங்களா?"

"இவளுக்குப் பழகிப்போச்சு. தலையில இடிச்சா மட்டும் கத்துவா."

"மாமா!" மைத்துனனின் இரண்டு காலும் சோபாவின் மேல் ஏறியிருந்தன. "இதெல்லாம் நான் படுக்கப்போற ரூம்லயா இருக்கு?"

"ஆமா மாப்ளே. நீ வர்றேன்னு எல்லாத்தையும் கட்டில் வர்ற இடத்துக்கு அடியிலதான் நகர்த்தி வச்சிருக்கேன்."

வந்தவர் பையிலிருந்து கம்பியை உருவினார். அதன் முனை கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

"அது எதுக்கு சார்?" என்றான் மைத்துனன்.

"பிடிக்கத்தான்."

"படம் பிடிக்கவா?" என்று ஆராய்ச்சி ஆசையோடு கேட்டு, கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, இருட்டறைக் கதவை விரியத் திறந்தார்.

திறந்த வேகத்தில் பலகை ஆடியது. பலகையிலிருந்து கறுப்பாக, நீளமாக, வழுவழுப்பாக ஒன்று சரசரவென்று இறங்கி, வந்தவரின் பூட்ஸ் மேல் பொத்தென்று விழுந்தது.

"ஐயோ, இவ்வளவு பெரிசா!" என்று அலறி அவர் கம்பியை விட்டெறிந்தார்.

"பாம்பு!" என்றான் மைத்துனன்.

பாம்பென்றால் படையே நடுங்கும். பல்லியைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறுகிற மைத்துனன் எம்மாத்திரம்? ஒரு கையில் பெட்டி, மறு கக்கத்தில் மெத்தை, சோபாவின் முதுகைத் தாண்டி, டீப்பாயைத் தாண்டி, வாய் திறந்தது திறந்தபடி அவன் அந்தரத்தில் பறந்தான். ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் நேராக விழுந்தது. ஆராய்ச்சியின் விரல் அவரைக் கேட்காமலே அழுத்தியது. 'க்ளிக்!'

அடுத்த நிமிஷம் தெருமுனையில் அவன் தலை மட்டும்தான் தெரிந்தது.

"சார், இது ரப்பர் குழாய்" என்றார் ஆராய்ச்சி, தரையிலிருந்து அதைத் தூக்கிக் காட்டி.

"அப்ப அந்த நானூறு?"

"போட்டோ! நீங்க போட்டோ சங்கம் இல்லையா?"

"நான் பாம்பு பிடிக்கிறவன் சார்" என்று அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் தண்ணி குடுங்க."

"உங்களை யாரு கூப்பிட்டது?"

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி தண்ணீரை நீட்டினாள். "யாராவது நம்பர் தெரியாம போன் பண்ணியிருப்பாங்க. விடுங்க."

"ஆமாம் ஆமாம், ராங் நம்பர்" என்று அவர் ஒரே மடக்கில் குடித்து, கம்பியைப் பொறுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

நிஜச் சங்கத்துக்காரர் பத்தரைக்கு வந்தார். மெலிந்த மனிதர், அதைவிட மெலிந்த சிரிப்பு. ஆல்பத்தைப் புரட்டினார். "பூ. பூனை. மறுபடி பூ. சூரியன். எல்லாம் எங்கயோ பாத்த மாதிரியே இருக்குங்க" என்று மூடி வைத்தார்.

ஆராய்ச்சி கணக்குப் போட்டார். மைத்துனன் ஓடினாலும் அவனுடைய இன்னொரு பெட்டி இங்கேதானே கிடக்கிறது? நாளைக்கே திரும்பி வருவான். பேச்சு பேச்சுதான், படம் தேறவில்லை என்றால் ரூம் போச்சு.

"ஒரு முக்கால் மணி நேரம் இருங்க சார்!" என்று இருட்டறைக்குள் பாய்ந்தார். படம் கழுவ விளக்கு எதற்கு? இருட்டும் மருந்தும் தண்ணீரும் போதும். வாழ்க்கையில் முதல்முறையாகக் கரண்ட் இல்லாதது கைகொடுத்தது. ஈரம் சொட்டச் சொட்ட ஃபிலிம் சுருளை ஓரமாகப் பிடித்து வந்து நீட்டினார்.

சங்கத்துக்காரர் அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். பிறகு அந்த மெலிந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"யோவ், இதை விட்டுட்டு எதுக்கய்யா பூனையைக் காட்டினீங்க? பெரிசா அச்சுப் போட்டு அனுப்புங்க!"

மூன்று வாரம் கழித்து, கண்காட்சி மண்டபத்தின் நடுச் சுவரில், ஆள் உயரத்துக்கு மைத்துனன் பறந்துகொண்டிருந்தான். கீழே 'விருந்தாளி' என்று தலைப்பு. ஓரத்தில் முதல் பரிசு ரிப்பன். ஆராய்ச்சிக்குத் தலைகால் புரியவில்லை. லென்ஸ் கடை முதலாளி வந்து கை குலுக்கினார். பின்பக்கத்து அறைக்கு மனைவியே தன் கையால் 'இருட்டறை, தட்டாமல் திறக்காதே' என்று பலகை எழுதி மாட்டியிருந்தாள். தம்பி ஹாஸ்டலில் நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டான். "பாவம், குழந்தை பயந்துட்டான்" என்று அவள் அவ்வப்போது பெருமூச்சு விடுவாள். விட்ட கையோடு ஏதாவது பாட்டு முணுமுணுப்பாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாம்பு பிடிக்கிறவர் வந்தார். ஆராய்ச்சி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

"வாங்க வாங்க! இந்தப் பரிசுல பாதி உங்களுக்குத்தான். அன்னிக்கு ராங் நம்பர் போட்ட புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா அவனுக்கு ஒரு மாலை போடுவேன்!"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே மனைவியின் பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எம் பொண்ணோட டீச்சராச்சேன்னுதான் ஒத்துக்கிட்டேன், 'உள்ள ஒண்ணுமே இருக்காது, எந்தம்பி வந்ததும் வந்து சும்மா பாம்பு தேடற மாதிரி நடிங்க, போதும்'னு நீங்க சொன்னீங்களே டீச்சர், சாரு நானூறு வளக்கறாருன்னு முன்கூட்டியே எங்கிட்ட யாருமே சொல்லலியே!"