இளைத்துப்போன கைப்பேசி

இனி மாலை ஆறு முதல் எட்டு வரை கைப்பேசியைத் தொடுவதில்லை என்று இயற்பியல் ஆசிரியர் கௌரிசங்கர் பெற்றோர் கூட்டத்தில் மேசையைத் தட்டி அறிவித்தார். தட்டியது அவர் கை. தட்டச் சொன்னது அவர் மனைவி சாருலதா.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளுக்கு முகம் தீட்டுபவள் அவள். களிமண், சார்ஜர் ஒயர், உடைந்த திரை எல்லாம் சேர்த்து, கைப்பேசி வந்தபின் வீட்டு மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று காட்டும் சிற்பம் ஒன்றைப் பள்ளிக் கண்காட்சிக்காகச் செய்துகொண்டிருந்தாள். ஆண் உருவத்துக்குக் கணவரின் முகம் தேவைப்பட்டது.

"ஏங்க, பத்து நாளு அந்த ரெண்டு மணி நேரமும் எதிர்ல உக்காருங்க. போனை மட்டும் இந்தப் பொட்டியில போட்டுடுங்க."

"அதுக்கென்ன லதா, நான் என்ன போனுக்கு அடிமையா?"

கால் மணி நேரம் தாங்கினார். பிறகு முழங்கால் ஆடியது. கட்டைவிரல், இல்லாத திரையை வேட்டியின்மேல் தள்ளிக்கொண்டே போனது. வாட்ஸ்அப் நண்பர் குழுவில் திட்டக்குடித் திருமால் தம்மை மறுத்து என்னென்ன எழுதுகிறானோ!

மறுநாளே பொம்மைத் தொழிற்கூடம் நடத்தும் தமிழ்மணியிடம் ஓடினார். தம் கைப்பேசியைப் போலவே பீங்கானில் ஒரு போலி வேண்டும்.

"சார், சூளையில வெந்தா பத்துல ஒரு பங்கு சுருங்கிடும். பெருசா அச்செடுக்கட்டுங்களா?"

"எனக்கே பிசிக்ஸா? அப்படியே எடுங்க."

நான்காம் நாள் கறுப்பு மெருகோடு போலி வந்தது. உறைக்குள் அது தொளதொளத்தது.

சாருலதா வாங்கிப் பார்த்தாள். "என்னங்க, போனு எளச்சிருக்குது?"

"அப்டேட் வந்துது. வேண்டாததெல்லாம் எடுத்துட்டான்."

"கனம் கூடியிருக்குதே?"

"புதுசா நெறைய ஏத்தியிருக்கான்."

"ஓகோ" என்று பெட்டியை மூடினாள். அவள் வாதாடாமல் விட்டால் அஞ்ச வேண்டும் என்னும் பாடம், இருபத்தாறு ஆண்டு இல்லறத்துக்குப் பின்னும் அவருக்கு ஏறவில்லை.

உண்மையான கைப்பேசி மடியில், விடைத்தாள் கட்டுக்குள் இருந்தது. திருமாலுக்குச் சுடச்சுடப் பதில்கள் பறந்தன.

"திருத்துங்க, திருத்துங்க. அசையாம மட்டும் இருங்க" என்றாள் அவள். பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று அவர் இரங்கவும் செய்தார்.

கண்காட்சியன்று சிற்பத்தை மூடியிருந்த துணி விலகியது. பீங்கான் கௌரிசங்கர் கழுத்தை வளைத்து உட்கார்ந்திருந்தார். மடியில் விடைத்தாள்கள்; நடுவே ஒளிரும் திரை; மோவாயில் நீல வெளிச்சம்; உதட்டோரம் கள்ளச் சிரிப்பு. எதிரே, சார்ஜர் ஒயரால் பின்னிய ஒரு பெண் காப்பித் தம்ளரை நீட்டியபடி நின்றாள். அவர் பார்க்கவில்லை.

பெற்றோர் வரிசையிலிருந்து அம்சவல்லி கூவினாள்: "அட, நம்ம பிசிக்ஸ் வாத்தியாரு! ஆறு மணிக்கு மேல தொடறதில்லைன்னீங்களே சார்!"

கூடம் அதிரச் சிரித்தது. கௌரிசங்கர் மனைவியை ஓரமாக இழுத்தார்.

"உனக்குத் தெரியும்! அன்னிக்கே கேட்டிருந்தா மானமாவது மிஞ்சியிருக்கும்."

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்க."

"போனைப் பாத்துகிட்டே உக்காருங்கன்னு முதல்லயே சொல்லித் தொலைக்கறதுதானே!"

"சொன்னா வோட்டர் கார்டு மூஞ்சி வச்சுகிட்டு உக்காருவீங்க. இந்தச் சிரிப்பு நம்ம கல்யாண ஆல்பத்துலகூட இல்லைங்க. அதான், பாக்காதீங்கன்னேன்."