பிள்ளைகளின் முதுகைப் படம் பிடித்தவர்

செஞ்சியில் கடந்த இருபது வருடங்களில் கல்யாணத்துக்குப் போன எந்தப் பிள்ளையின் முதுகும் அவரிடமிருந்து தப்பியது கிடையாது. கோட்டையில் எத்தனை கல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஊரில் எந்தப் பிள்ளைக்குப் பிடரியில் இரட்டைச் சுழி, எதற்குக் காதுக்குப் பின்னால் மச்சம் என்று அவருக்குத் தெரியும். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் ‘முதுகு’. எங்களைப் போல மரியாதை தெரிந்தவர்களுக்கு ‘முதுகண்ணன்’.

தொழில் கல்யாண போட்டோ. மேடையில் பல்லைக் காட்டி நிற்கிறவர்களை எடுக்க வேறு ஆள் உண்டு. இவருடையது ‘கேண்டிட்’. அதாவது பிள்ளைகளை, அவர்களுக்கே தெரியாமல் எடுப்பது. தெரியாமல் என்றால் அப்படி ஒரு தெரியாமல். ஒல்லி உடம்பு, மண்டபத்துச் சுவர் நிறத்தில் ஒரு சட்டை, காலில் செருப்பு கிடையாது. மூச்சு விடுகிறாரா என்பதே சந்தேகம். ஒரு கல்யாணத்தில் பெரியவர் ஒருவர், தூண் என்று நினைத்து, இவர் தோளில் துண்டைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்து துண்டை எடுத்துக்கொண்டு போகும்வரை இவர் அசையவில்லை. எதிரே ஒரு பிள்ளை ஜாங்கிரியைப் பிய்த்துப் பிய்த்துப் பாட்டி முந்தானையில் ஒளித்துக்கொண்டிருந்ததாம். அசைந்தால் படம் போய்விடும். இன்னொரு முறை பந்தியில் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தவர் மேல் இரண்டு கரண்டி ரசம் ஊற்றிவிட்டார்கள். அதற்கும் சத்தமில்லை. குரலும் அப்படித்தான், கொசு காதோரம் வந்துவிட்டுப் போகிற மாதிரி. உரக்கப் பேசினால் பிள்ளைகள் திரும்பிவிடும் என்பது அவர் கட்சி. திரும்பிவிட்டால் முதுகு எங்கே?

அவலூர்பேட்டை அரிசி மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்தான் பெயர் பிரபலமானது. சென்னையில் படித்த பெண், கேண்டிட் வேண்டும் என்று அடம் பிடித்து இவரை ஏற்பாடு செய்தது. ஆல்பம் வந்தது. மண்டிக்காரர் நாற்பது பக்கம் புரட்டினார். நாற்பது பக்கமும் பிள்ளைகளின் முதுகு. பாதி கழன்ற ஊக்கு, ஒரு பக்கமாகச் சரிந்த கனகாம்பரம், பவுடர் திட்டுத் திட்டாக நிற்கும் பிடரி, கையில் கழற்றிப் பிடித்த ஒற்றைச் செருப்பு.

“யோவ், கல்யாணம் எம்பொண்ணுக்கா, இந்தப் பொடிசுங்களுக்கா? எம்பொண்ணு எங்கய்யா?”

முதுகண்ணன் ஒரு படத்தைத் தொட்டுக் காட்டினார். “இந்தப் பாப்பா எட்டிப் பாக்குது பாருங்க. அந்தப் பக்கந்தான் இருந்தாங்க.”

மாதா கோயில் கல்யாணம் ஒன்றில் முழந்தாளிட்ட பிள்ளைகளின் உள்ளங்கால்களை வரிசையாக எடுத்து வைத்தார். பதினொரு ஜோடிப் பாதம், மண் ஒட்டியபடி. சாமியாருக்கு அது ரொம்பப் பிடித்துப் போனதாகக் கேள்வி. மணமகனுக்குப் பிடிக்கவில்லை.

இதற்கெல்லாம் சிரிக்கலாம். ஆனால் அந்தப் படங்களைத் தனியாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். என்னவென்று சொல்லத் தெரியாது. அந்த முதுகுகள் எல்லாம் எங்கேயோ கிளம்பிவிட்ட முதுகுகள். ஒரு எட்டு எடுத்து வைத்தால் படத்தை விட்டே போய்விடும் போல இருக்கும். சில தாய்மார்கள், “அந்தாளு வந்தா புள்ளைய உள்ள கூப்ட்டுக்க” என்று ரகசியமாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர் எந்தப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எடுத்த படத்தை எல்லாம் பெற்றவர்களிடமே கொடுத்துவிடுவார். இருந்தும் பயந்தார்கள். நானும்தான்.

என் தம்பி கல்யாணம் திருவண்ணாமலை சாலையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பின்வாசலைத் திறந்தால் வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை, தரையோடு தரையாக ஒரு கிணறு, அதற்கப்பால் யாரோ கூடையிலிருந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறைக் குன்று. செஞ்சியில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் ஒரு பாறை உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். எங்களுக்கு அது பழக்கம்.

தாலி ஏறி அரை மணி நேரம் இருக்கும். முதுகண்ணன் என் பக்கத்தில் முளைத்தார். வந்தது தெரியவில்லை, முளைத்ததுதான் தெரிந்தது. கேமராவைத் திருப்பிக் காட்டினார்.

“தங்கச்சி, இதக் கொஞ்சம் பாரு.”

கெட்டிமேளம் கொட்டிய நேரத்துப் படம். பெரியவர்கள் எல்லோரும் அட்சதைக் கையோடு மேடையைப் பார்க்கிறார்கள். நடுவில் பிள்ளைகள், எண்ணிப் பார்த்தேன், பதினேழு. பதினேழும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்வாசலைப் பார்க்கின்றன. என் மகள் யாழினியும். வாசலில் வெள்ளையாக வெயில் மட்டும் நின்றது.

“அங்க என்னண்ணா இருந்துச்சு?”

“ஒன்னும் இல்ல. நானும் போய்ப் பாத்தேன். கெணறு, கொல்ல, மலை. அவ்ளோதான்.”

“மேளச் சத்தத்துக்குப் பயந்து திரும்பியிருக்கும்.”

“இருக்கலாம்” என்றார். “ஆனா எல்லாக் கல்யாணத்துலயும் திரும்புதுங்க. எல்லா மண்டபத்துலயும் ஒரு பின்வாசல் இருக்குது.”

அதைச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். காபி கொண்டுவரச் சொல்லிக் குடித்தேன்.

மதியம் ஒன்றரைக்கு யாழினியைக் காணவில்லை.

முதலில் மாடியில் தேடினோம், பிறகு மணமகள் அறையில், பிறகு நிறுத்தியிருந்த வேனுக்குள். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். மைக்கில் என் தம்பி கத்தினான்: “ஆறு வயசுக் கொழந்த, பேரு யாழினி, பிங்க் கலர் பட்டுப் பாவாட, பாத்தவங்க மேடைக்கு வாங்க!” காலையில் நான்தான் அந்தப் பாவாடையைக் கட்டிவிட்டேன். சமையல்காரர்கள் கொல்லையில் இறங்கி, ‘பிங்க் பாவாட, பிங்க் பாவாட’ என்று கூவிக்கொண்டே போனார்கள். மாலையோடு தம்பி கிணற்றுக்குள் குனிந்து பார்த்தான். அவன் குனிந்திருந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்து, இல்லை என்று கையை ஆட்டினான். தண்ணீர் பச்சையாக, தடிப்பாக இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று யார் கண்டது?

முதுகண்ணன் என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றார். “தங்கச்சி, பாவாட இல்ல.”

“என்னண்ணா?”

“புள்ள பாவாட கட்டல. மஞ்சக் கவுனு. பாரு.”

கேமராவில் என் மகளின் முதுகு. மஞ்சள் கவுன். மூன்று பட்டனில் நடுப் பட்டன் இல்லை. சடை அவிழ்ந்து, ரிப்பன் ஒரு பக்கம் மட்டும். வலது கால் செருப்பு கையில். பின்வாசல் படியில் ஒரு கால், கொல்லையில் ஒரு கால். நேரம் ஒன்று பத்து.

பந்தியில் பாயசம் கொட்டி, என் சித்தி உடுப்பை மாற்றிவிட்டிருக்கிறாள் என்று பந்தியில் இருந்தவர்கள் அப்போதுதான் சொன்னார்கள். மாற்றிவிட்டு ஒரு மணி திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்துப் போயும்விட்டாள். அவள் போன் அணைந்து கிடந்தது. நான் பெற்ற பிள்ளை அந்த நேரத்தில் என்ன உடுத்தியிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. இருநூறு பேரை இல்லாத பாவாடையைத் தேட விட்டிருக்கிறேன்.

தம்பி மைக்கில் மாற்றிச் சொன்னான். கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி நிமிர்ந்தாள்.

“மஞ்சக் கவுனா? அத அப்பவே பாத்தனே! செருப்பக் கையில புடிச்சிக்கினு அந்த இடிஞ்ச மண்டபத்தாண்ட போச்சி.”

“அய்யோ, ஏன்மா சொல்லல?”

“நீங்கதான் பாவாட பாவாடன்னு கத்தினு கீறீங்க. இது வேற புள்ளன்னு வுட்டுட்டேன்.”

குன்றின் அடியில், பழைய மதிலை ஒட்டிக் கல் மண்டபம் ஒன்று இருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். நானும் முதுகண்ணனும்தான் முன்னால் ஓடினோம். வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. என் மகள்.

“உம்பேரு என்னா?”

இன்னொரு பெண் குரல், உள்ளிருந்து, கொஞ்சம் தள்ளி: “உம்பேரு என்னா?”

நான் நின்றுவிட்டேன். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த அந்த நொடியில்தான் எனக்கு அதிகப் பயம் வந்தது. பக்கத்தில் பார்த்தேன். முதுகண்ணனும் நின்றுவிட்டார். அவர் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். ரத்தம் இல்லாமல் இருந்தது.

“வெளாட வரியா?” என்றாள் மகள். “வரியா?” என்றது அது.

குனிந்து உள்ளே பாய்ந்தேன். யாழினி தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வௌவால் நாற்றம். “அம்மா, இந்த அக்கா ரொம்ப மோசம்மா. நாம சொல்றதையே சொல்லுது” என்றாள். “சொல்லுது” என்றது மண்டபம்.

எதிரொலி. வெறும் எதிரொலி. நான் அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன், முதுகில் ஒன்று வைத்தேன், அந்த அடியும் இரண்டாகக் கேட்டது.

முதுகண்ணன் உள்ளே வந்தார். எங்களைத் தாண்டிப் போய் இருட்டைப் பார்த்து நின்றார். “செல்வி” என்றார். அவருடைய கொசுக் குரலில். காத்திருந்தார். திரும்பி வரவில்லை.

“மெதுவா கூப்ட்டா வராது மாமா” என்றாள் யாழினி, அனுபவசாலி மாதிரி. “கத்தணும்.”

அவர் கத்தினார். இருபது வருடமாக அந்த மனிதரிடமிருந்து யாரும் கேட்காத குரல். வௌவால்கள் தலைக்கு மேல் கிளம்பின. ‘செல்வீ’ என்று கல் முழுவதும் ஓடி, நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்து, ஓய்ந்தது.

கொல்லை வழியாகத் திரும்பும்போது நானாகக் கேட்கவில்லை. அவரே சொன்னார். “கூடப் பொறந்தது. மலையனூர் கோயில்ல அமாவாசக் கூட்டம். நைனா ஒரு கையில என்னப் புடிச்சிக்கினு வந்தாரு, அது முன்னால ஓடுச்சி. அஞ்சு வயசு. போலீஸ்ல போட்டோ கேட்டாங்க, ஒன்னும் இல்ல. மூஞ்சி எப்டி இருக்கும்னு கேட்டாங்க. எனக்கு எட்டு வயசு, சொல்ல வரல. இப்பயும் மூஞ்சி வரமாட்டேங்குது தங்கச்சி. அது போன முதுகுதான் இருக்குது.”

மல்லாட்டைச் செடிகளை மிதிக்காமல் நடந்தார். யாழினி அவருக்கு முன்னால் ஒற்றைச் செருப்போடு நொண்டியடித்துக்கொண்டு போனாள்.

போன மாதம் தம்பி மகனுக்குக் காதுகுத்து. படம் எடுக்க எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தவர் பத்தாகியும் வரவில்லை. பிள்ளை மடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டது. ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

“இன்னாக்கா, நேரம் போவுது. யாரத் தேடிக்கினு கீற?” என்றான் தம்பி.

“எங்கண்ணன இன்னும் காணல.”

“நம்ம வூட்ல நீதானே மூத்தவ, அண்ணன் ஏது?” என்று சிரிக்க வாயெடுத்தவன், சிரிக்கவில்லை. ஆசாரியைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, அவனும் வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்தான்.