தலைவரின் தீர்த்தக் கவசம்

கழுத்துக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீரும் படாமல் புனிதத் தீர்த்தமாடிய முதல் மனிதர், உலக வரலாற்றிலேயே, எங்கள் முருகன் கோயில் நிர்வாகசபைத் தலைவர் திரு. மகேந்திரராஜா அவர்கள்தான். இந்தச் சாதனை ஜெர்மனியில், பான் நகரிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் உள்ள ஓர் ஏரியில் நிகழ்ந்தது. செயலாளர் என்ற வகையில் அதைப் பதிவு செய்யும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

எங்கள் சுவாமிக்குப் பங்குனி உத்தரத்தன்று தீர்த்தம். அந்த நேரத்தில் ஏரித் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். போன வருஷம் சோமாஸ்கந்தக் குருக்கள் வேட்டியோடு இறங்கி, சுவாமியின் வேலோடு முழுக்குப் போட்டு, நிமோனியாவோடு கரையேறினார். ஆளுக்கு எழுபதை நெருங்குகிற வயது. இன்னொரு முறை இப்படி நனைந்தால் நெஞ்சு தாங்காது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சபை துடித்துப்போனது. ‘குருக்களைக் காப்போம்’ என்று நிதி திரட்டினோம். சனம் அள்ளித் தந்தது. குளிர்ந்த நீரில் சுழியோடுகிறவர்கள் அணியும் ‘டிரை சூட்’ ஒன்றை வாங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

ஆலோசனை சொல்லக் கஜந்தி வந்தாள். வங்கியில் வேலை. சனிக்கிழமைகளில் ஏரிகளின் அடியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளை. அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டால், “சத்தமில்லை” என்பாள். எங்கள் கூட்டங்களுக்கு வருகிறவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

“தண்ணி உள்ள வராது. ஆனா அது சூடு தராது, உள்ளுக்குத் தடிச்ச கம்பளி போடோணும்,” என்றாள். “கழுத்திலயும் மணிக்கட்டிலயும் ரப்பர் இறுக்கிப் பிடிக்கும்.”

“ரப்பர் சைவமோ?” என்று பொருளாளர் புஸ்பவதி அக்கா கேட்டார்.

“மரத்துப் பால், அக்கா.”

“அப்ப எழுதுங்கோ.”

ரப்பர் கிழியாமல் தலை நுழையப் பவுடர் பூச வேண்டுமாம். ‘பவுடர்’ என்பதை ‘விபூதி’ என்று திருத்தி நிறைவேற்றினோம். தடித்த நியோப்ரீன் ரப்பரா, மெல்லிய துணியா என்ற விவாதம் வடை முடியும்வரை நடந்தது.

“போடுறவரை அளக்கோணும்,” என்றாள் கஜந்தி. “பெரிசெண்டா காத்து நிண்டுடும்.”

அளவுநாடா வந்தது. குருக்கள் உள்ளே பூசையில் இருந்தார். பூசையைக் குழப்புவது பாவம். தலைவர் சும்மா இருந்தார். அவரை அளந்தோம்.

“ஐயருக்கெல்லே வாங்குறம்?” என்றாள் கஜந்தி.

“ஐயர் சுவாமியைத் தொடுறவர். ரப்பரோட தொட ஏலாது,” என்றார் தலைவர். “நான் பக்கத்தில நிண்டு அவருக்குப் பாதுகாப்புக் குடுப்பன்.”

இப்படிச் சிந்திக்க ஒரு தலைமை வேண்டும். கைதட்டினோம்.

உத்தரத்தன்று தலைவர் அந்தக் கறுப்பு உடைக்கு மேலே பட்டுவேட்டி கட்டி, ரப்பர்க் கழுத்துக்கு மேலே சங்கிலி போட்டு நின்றார்.

“அண்ணை, குந்தி இருந்து காத்தை வெளியில விடுங்கோ,” என்றாள் கஜந்தி. “இல்லாட்டிக் குனியேக்க எல்லாக் காத்தும் காலுக்குப் போகும்.”

“காத்தை விட்டா உடுப்பு சுருங்கிப்போடும், பிள்ளை. படம் வடிவா வராது.”

குருக்கள் வழக்கம்போல் வேட்டியோடு இறங்கினார். தலைவர் ‘பாதுகாப்பு’க் கொடுக்கப் பின்னால் இறங்கினார். அரோகரா முழங்கியது. இருவரும் முழுகினார்கள். குருக்களின் தலை மேலே வந்தது. தலைவரின் கால்கள் மேலே வந்தன. பட்டுவேட்டி கவிழ்ந்து மிதக்க, இரண்டு கறுத்த பாதங்கள் வானத்தை நோக்கி உதைத்தன. சபையார் மெய்சிலிர்த்துப் படமெடுத்தார்கள்.

கஜந்தி சேலையோடு பாய்ந்தாள். குருக்கள் வேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு காலைப் பிடித்தார், அவள் மற்றக் காலைப் பிடித்தாள். தலைவர் பொல்லாத உதை உதைத்தார். அவரைப் புரட்டி நிமிர்த்தும்வரை அந்தக் கிழவர் நெஞ்சளவு பனித்தண்ணீரில் நின்றார்.

கரையில் தலைவர் இருமி முடித்ததும் முதலில் சொன்னது: “உள்ள ஒரு சொட்டும் இல்லை.”

குருக்களை அம்புலன்ஸ் கொண்டுபோனது.

அடுத்த கூட்டத்தில் உடை ‘மகத்தான வெற்றி’ என்று பதிவாயிற்று.

“அடுத்தமுறை ஐயரை இறக்காதேங்கோ. மனுசன் செத்துப்போவார்,” என்றாள் கஜந்தி.

அவளுடைய ஆதங்கத்தைச் சபை மதித்தது. தலைவர் தனியாக நின்றதால்தானே இவ்வளவும் நடந்தது? ஆகவே குருக்களின் பாதுகாப்புக்காக இன்னொருவரும் கவசத்தோடு இறங்குவது, அதற்குக் குருக்கள் பெயரிலேயே மீண்டும் நிதி திரட்டுவது என்று தீர்மானித்தோம்.

இந்த நற்செய்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குருக்கள் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“சந்தோசம் தம்பி,” என்றார். மூச்சு எடுக்கச் சற்று நேரம் பிடித்தது. “இந்தமுறை ஆரின்ர அளவு?”

நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

“மீடியம், ஐயா.”