மோரிசுக்குக் கார்புரேட்டர் நியமித்த கதை

சிவகுருநாதனின் மோரிஸ் மைனர் ஒரு நாள் காலை நின்றுபோனது. நாட்டில் கார்கள் நிற்பது புதிதல்ல. ஆனால் இது பிரிக்பீல்ட்ஸ் தொன்மைக் கார் கழகத்தில் பதிவு பெற்ற கார். அப்படிப்பட்ட கார் தன் இஷ்டத்துக்கு நின்றுவிட முடியாது. நிற்பதற்கும் தலைவரின் ஒப்புதல் வேண்டும்.

தலைவர் ஐங்கரன். ஓய்வுபெற்ற அரசாங்க இயக்குநர். எதை இயக்கினார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கழகத்தில் மற்றவர்களும் அப்படியே, ஓய்வு பெற்றும் ஓயாதவர்கள். நானும் ஓர் உறுப்பினன்தான். ஆனால் என்னிடம் இருப்பது வெறும் டட்சன் கார் என்பதால் கடைசி நாற்காலி.

இதில் ஒரு சிக்கல். ஐங்கரன் சிவகுருநாதனுக்குச் சம்பந்தியாகப் போகிறவர். அவர் மகன் முகுந்தனுக்கும் சிவகுருநாதன் மகள் லோஜினிக்கும் ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலில் கல்யாணம். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டார்தான் போய் மாப்பிள்ளையை அழைத்து வர வேண்டும். மோரிசில்தான் வருவேன் என்று மாப்பிள்ளை சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா சொன்னார். கழக முத்திரை இல்லாத வண்டியில் மகன் ஏறினால் அவர் மரியாதை என்ன ஆவது?

ஐங்கரன் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தால் வியர்வையில் சட்டைகூட நனையாது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

லோஜினி ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். பானட்டைத் திறந்து பார்த்தாள்.

"கார்புரேட்டர் போச்சு அப்பா. உள்ள எல்லாம் தேஞ்சிருச்சு. புதுசு வாங்கிப் போட்டா ஓடும்."

வாங்கினாள். கேஸ்கெட் வைத்து, போல்ட்டை இறுக்கி, பெட்ரோல் குழாயையும் சோக் கம்பியையும் மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் மோரிஸ் உறுமியது. சிவகுருநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே கழகத்தின் ஞாபகம் வந்து முகம் வாடியது.

ஆய்வுக் குழு வந்தது. ஐங்கரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்ஜினுக்குள் குனிந்தார்.

"பளபளக்குதே."

"புதுசு அங்கிள், பளபளக்காம?"

"அதுதான் குற்றம். ஐம்பதுகளில பிறந்த வண்டிக்குப் போன மாசம் பிறந்த கார்புரேட்டரா? சீனியாரிட்டி என்ன ஆகிறது?"

"ஆனா ஓடுது லா அங்கிள்."

"ஓடுறது வேற, தகுதி வேற."

கார்புரேட்டர் அங்கேயே பதவி நீக்கம் செய்யப்பட்டது. காலியான பதவிக்கு முறைப்படி நேர்முகத் தேர்வு நடைபெறும் என்று அறிவிப்பும் வந்தது.

சிவகுருநாதன் சும்மா இருப்பாரா? கழற்றிய கார்புரேட்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊருக்கு ஓடினார். அங்கே கன்னையா பட்டறை வைத்திருக்கிறார்.

"இதைப் பழசாக்கித் தரணும்."

"கொண்டாங்க பாஸ். முன்னெல்லாம் ஓடாத வண்டிய ஓட வெச்சேன், ஒரு பய மதிக்கல. இப்ப புதுசப் பழசாக்குறேன், டத்தோ பட்டம் வாங்குன பெரியவங்கல்லாம் கியூவுல நிக்கிறாங்க லா. பெலாச்சான் இறால் விழுதுல ஊறப்போட்டா ஒரே வாரத்துல அறுபது வயசு கூடிரும்."

கூடியது. நிறமும் வந்தது. கூடவே வாசமும் வந்தது.

நேர்முகத் தேர்வன்று வெல்வெட் துணி விரித்த மேசையில் விண்ணப்பதாரர்கள் இருவரும் அமர்த்தப்பட்டனர். ஒன்று கன்னையாவின் கைவண்ணம். மற்றது ஐங்கரன் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலிருந்து வந்தது. ஏதோ எஸ்டேட் துரையின் காரில் பணியாற்றியதாம். நடுநிலை கருதி ஐங்கரன் அறையை விட்டு வெளியேறி, கதவருகே நின்று, காதை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்.

பொருளாளர் மார்க்கிரட் அக்கா முதல் விண்ணப்பதாரரை முகர்ந்தார்.

"எனக்குப் பசிக்குது" என்றார்.

அத்தோடு அதன் கதை முடிந்தது. நன்னடத்தைக் குறைவு என்று பதிவானது. இரண்டாவதிடம் முன் அனுபவம் பற்றிக் கேட்கப்பட்டது. அது பதில் சொல்லவில்லை. அடக்கமானவர் என்று எல்லோரும் மதிப்பெண் போட்டார்கள்.

லோஜினியால் பொறுக்க முடியவில்லை. "இதுல விரிசல் விட்டிருக்கு. பெட்ரோல் ஊத்துனா எல்லாம் வெளிய ஒழுகும். இது வேலையே செய்யாது!"

கதவருகே நின்ற காது உள்ளே வந்தது. "வேலை செய்யாதது ஒரு குறையா பிள்ளை? அப்படிப் பார்த்தா இந்த மேசையில யாருக்குமே பென்ஷன் கிடைச்சிருக்காது."

யாரும் சிரிக்கவில்லை. ஏகமனதாக நியமனம் ஆனது. கன்னையாவே வந்து மாலை போட்டுப் பொருத்தினார். அதன் மூப்பைக் கருதி பெட்ரோல் குழாயை மட்டும் இணைக்கவில்லை. அந்த வயதில் அதற்குத் தொல்லை கொடுப்பது மரியாதையாகாது என்று குழு கருதியது. பானட்டில் கழக முத்திரை பதிந்தது.

கல்யாண நாள் வந்தது. தலைப்பாகையோடு முகுந்தன் ஏறி ஸ்டியரிங் முன் உட்கார்ந்தான். வண்டி தன் நியமன நிபந்தனைகளுக்கு உட்பட்டு அசையாமல் நின்றது.

"தள்ளலாம்" என்றார் ஐங்கரன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னாள் இயக்குநர்கள் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். ஒருவழிப் பாதைகள் எங்களைப் பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் சுற்ற வைத்தன. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கி நிறுத்திவிட்டார்.

கோயிலில் ஐயர் கடிகாரத்தையும் மணப்பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "முகூர்த்தம் போகுதம்மா."

லோஜினி முகுந்தனுக்குப் போன் போட்டாள். "எங்க இருக்கீங்க?"

"சிக்னல்ல. கோபுரம் தெரியுது."

"தெரியுதில்ல? இறங்கி நடந்து வாங்க!"

"அப்பா விடமாட்டேங்கிறார். மாப்பிள்ளை பாதியில இறங்கினா ஊர்வலம் செல்லாதாம்."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்ததாம், பிறகு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கழுத்து மாலையோடு தெருவில் ஓடி வந்தாள். வண்டிக்குப் பின்னால் என்னை ஒதுக்கிவிட்டுக் கை வைத்தாள்.

"தள்ளுங்க அங்கிள்! ஒண்ணு, ரெண்டு…"

மோரிஸ் பாய்ந்தது. உள்ளே முகுந்தன், "பிரேக் எங்க? பிரேக் எங்க?" என்று அலறினான். டீக்கடைக்காரர்கள் விசிலடித்தார்கள், பஸ்காரர் ஹார்ன் அடித்தார், கோயில் வாசல் வரை ஒரே ஓட்டம். முகூர்த்தத்தின் வாலைப் பிடித்துத் தாலி ஏறியது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

தெருவில் யாரோ எடுத்த வீடியோ அன்றைக்கே கிள்ளான் வரை போய்விட்டது. மணப்பெண் மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வருவது இப்போது பெரிய நாகரிகம். ஓடுகிற கல்யாணக் காரை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை. லோஜினி தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டாள். மணப்பெண்களுக்குத் தள்ளும் பயிற்சி கொடுக்கிறாள், வார இறுதியில் இடமே கிடைப்பதில்லையாம்.

போன வாரம் என் மகள் பிரேமினிக்கும் கல்யாணம் நிச்சயமானது. தள்ளிக்கொண்டு வரக் கழக முத்திரையுள்ள கார் ஒன்றைத் தவிர மாப்பிள்ளை வீட்டார் வேறு எதுவும் கேட்கவில்லை. என் டட்சனைக் கழுவி, பொட்டு வைத்து, கழகத்தின் முன் நிறுத்தினேன்.

ஐங்கரன் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. அவர் உடனே அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓடுதே, தம்பி" என்றார்.

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. நாளைக் காலை வண்டியை மேருவுக்குக் கொண்டுபோகிறேன். சீக்கிரம் நிறுத்தித் தரச் சொல்லிக் கன்னையாவின் காலில் விழுவதாக இருக்கிறேன்.