அக்காவுக்குப் பதினேழு அங்குலம்

காலை ஏழு மணி இருபது நிமிடம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பத்திரிகை அலுவலகம் இருந்த கடைவீட்டின் வாசலில் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு பாதங்கள். மீதி ஆள் ஒரு வெள்ளை பிக்கப் வண்டிக்கு அடியில் இருந்தார். விபத்துச் செய்திக்கு மனத்துக்குள் தலைப்புப் போட ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் அடியிலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க பாஸ், வெளிச்சத்த மறைக்கிறீங்க."

அவர்தான் லங்சிர் அண்ணன். ஜன்னல் திரைக்கு எங்கள் ஊரில் லங்சிர் என்றுதான் பெயர். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே தரைத்தளத்தில் முப்பது வருடமாக லங்சிர் தைத்து மாட்டிக்கொண்டிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அவரைவிட அதிகமாக அளந்த மனிதர் கிடையாது. நில அளவையாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் நிலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அளவு நாடா எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். கல்யாணங்களுக்கு ஜிப்பா போட்டு வருவார். நாடா அதற்கு மேலே கிடக்கும். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம், எல்லாரும் அட்சதை போட எழுந்தபோது, இவர் மட்டும் மண்டபத்தின் பின்பக்கம் போய் மண்டியிட்டார். திரும்பி வந்து மாப்பிள்ளையின் அப்பாவிடம், மண்டபத்து லங்சிர் ரெண்டு இன்ச்சு குட்டை என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். லங்சிர் தரையைத் தொடவும் கூடாது, தரைக்குப் பயந்து ஏறி நிற்கவும் கூடாது. நடுவில் அரை அங்குலம். வாழ்க்கையில் மற்ற எல்லா விஷயத்திலும் விட்டுக்கொடுப்பார். அந்த அரை அங்குலத்தில் மாட்டார்.

அப்படிப்பட்டவர் ஏன் பிக்கப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தார் என்றால், அவருடைய அக்காவுக்காக.

அக்கா கேரி தீவில், செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பியும் அங்கேதான் படித்தார், அதுவும் அக்காவின் வகுப்பில். அந்தப் பயம் அவருக்கு அறுபது வயதிலும் தெளியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. திங்கள், புதன், வெள்ளி கிள்ளானுக்குப் போய் நாலு மணி நேரம் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மூன்று நாளும் கடையைப் பாதி நேரம் மூடிவிட்டு அண்ணன்தான் கூட்டிப் போவார்.

தார் ரோட்டிலிருந்து அக்கா வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் செம்மண் பாதை. பழம் ஏற்றும் டிராக்டர்கள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. மழை பெய்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும், வண்டியின் வயிறு மேட்டில் உட்காரும். ஒரு புதன்கிழமை அப்படித்தான் உட்கார்ந்தது. நாலு சக்கரமும் சுற்றின, வண்டி நகரவில்லை. அந்தப் புதன் தவறியது. வியாழக்கிழமை மூச்சுத்திணறலோடு அக்காவை வார்டில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு நான் பார்த்த பாதங்களின் வரலாறு இதுதான்.

பிரிக்பீல்ட்ஸுக்கே வந்துவிடச் சொல்லி அவர் கேட்காமல் இல்லை. அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார். "உன் வீட்டுல எல்லா ஜன்னலும் மூடியே இருக்கு. எனக்கு மரம் தெரியணும்."

ஆக, வண்டியைத் தூக்க வேண்டும். எவ்வளவு? மேட்டையும் வண்டி வயிற்றையும் மூன்று முறை அளந்து, ஓர் அங்குலம் போதும் என்று கண்டுபிடித்தார். கொள்கைப்படி நடுவில் அரை. மொத்தம் ஒன்றரை அங்குலம். இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வண்டியைத் தூக்கினால் ஏறுகிற படியும் கூடவே உயரும். அக்காவோ, தானே கால் எடுத்துவைத்து ஏறினால்தான் ஏறுவார். தூக்கி உட்காரவைக்கப் போன தம்பியிடம், "நான் என்ன லங்சிர் துணியா, தோள்ல போட்டுட்டுப் போக?" என்றார். ஸ்டூல் கொண்டுபோனார். அது செம்மண்ணில் ஒரு சாண் இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனது.

எனவே அக்காவின் கால் எவ்வளவு உயரம் எழும் என்பதே கேள்வி. நேராக அக்காவை அளக்கத் தைரியமில்லாமல், முதலில் எங்கள் அலுவலகத்தில் பழகினார். ஒவ்வொருவராக நிற்கவைத்து, "கால தூக்குங்க பாஸ், இன்னும் கொஞ்சம், ஆ, நில்லுங்க" என்று நாடாவைப் பிடித்தார். விளையாட்டுப் பக்கத்து ஆசிரியருக்கு இருபத்து நாலு. எனக்குப் பத்தொன்பது. என்னை அவர் பார்த்த பார்வையில் இருந்த இரக்கத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு அக்கா. வீட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்க, பாதத்துக்கு அடியில் லங்சிர் கேட்லாக்குகளை ஒவ்வொன்றாக அடுக்கினாராம் தம்பி. அக்கா போதும் என்றபோது பூ டிசைன் நாலு, கோடு போட்டது மூன்று. பதினேழு அங்குலம். கடையின் அளவுப் புத்தகத்தில், பந்திங் ஊர்க்காரர் ஒருவரின் ஹால் ஜன்னலுக்குக் கீழே குறித்துக்கொண்டார்.

வேலையைச் செய்யவேண்டியவர் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் வொர்க்‌ஷாப் வைத்திருந்த சேகர். பொறுமைசாலி. முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஸ்பிரிங்குல ஒன்றர இன்ச்சு ஸ்பேசர் வெச்சுத் தூக்குவோம்ணே. அப்புறம் வேணும்னா அரை இன்ச்சு இறக்கிக்கலாம். டயர் அதே சைஸ், பல்லு மட்டும் கொஞ்சம் மொரடா. அவ்ளோதான் லா."

இந்த நாலு வாக்கியத்தில் முதலாவதை மட்டும் அண்ணன் உடனே ஏற்றுக்கொண்டார். அடுத்த நாலு மாதம், மழை வருகிற மாதிரி இருந்தால் அக்காவை முந்தின நாளே கிள்ளானுக்குக் கூட்டிப் போய்க்கொண்டு, டயருக்கு அலைந்தார். லங்சிர் எடுப்பது போலவே டயர் எடுத்தார். கடைக் கடையாகப் போய், சாம்பிளுக்கு ஒரு துண்டு வெட்டித் தர முடியுமா என்று கேட்டார். பிறகு, "பூ நாலு டயர்லயும் ஒரே எடத்துல வருமா?" என்று கேட்டார். ஷா ஆலமில் ஒரு கடைக்காரர் இவரைக் கண்டாலே ஷட்டரைப் பாதி இறக்குவதாகச் சேகர் என்னிடம் சொன்னார்.

சேற்றுக்கென்றே செய்த டயர் வேண்டாம் என்று தள்ளியதற்கு மட்டும் உருப்படியான காரணம் இருந்தது. அது தார் ரோட்டில் ஊளையிடும். அதற்காக ஒரு மத்தியானம் முழுக்க ரோட்டோரம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, போகிற பிக்கப்புகளின் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். மெஷினிலிருந்து எழுந்து வரும் அக்கா கிள்ளானிலிருந்து வீடுவரை தூங்குவார். அந்தத் தூக்கம் கெடக் கூடாது.

கடைசியில் பல் சுமாராக உள்ள, சத்தம் குறைந்த ஒன்றைப் பிடித்தார். ஆனால் வண்டியில் இருந்ததைவிட இரண்டு அங்குலம் பெரிய சைஸ். டயர் இரண்டு அங்குலம் பெரிதானால் வண்டி ஓர் அங்குலம் உயரும். அது வேண்டாம், ஸ்டியரிங்கை ஒடித்தால் உரசும் என்றார் சேகர். அண்ணன் அளவுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். படியின் பழைய உயரம் பதினைந்தரை. ஸ்பேசரோடு பதினேழு. அக்கா கணக்கில் பதினெட்டு வரை இடமிருக்கிறது. "இருக்கிற எடத்த ஏன் விடணும் சேகரு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளானில் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். அண்ணன் வண்டியை ஏற்றி இறங்கிவந்து பழங்களைப் பரிசோதித்தார். பின் இடது பழம் மட்டும் சரியாக நசுங்கவில்லை என்று சேகருக்குப் போன் செய்து, அந்த டயரில் காற்று எவ்வளவு என்று விசாரித்தார். பிறகு என்னையும் விளையாட்டுப் பக்கத்து ஆசிரியரையும் ஏற்றிக்கொண்டு கேரி தீவுக்கு விட்டார். முந்தின நாள் மழை. வண்டி அந்த மேட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று, கீழே ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் வாய்விட்டுச் சிரித்ததை நான் முதல் முறையாகப் பார்த்தது அப்போதுதான்.

அக்கா வந்தார். மெலிந்த உருவம், வெள்ளைப் புடவை, இடது கையில் ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்த நரம்பு. வண்டியை ஒரு தேர்வுத்தாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்தார். காலை எடுத்தார். கால் படியின் விளிம்பில் தட்டித் திரும்பியது. மறுபடி. மறுபடியும் தட்டியது.

அண்ணன் நாடாவைக் கழுத்திலிருந்து உருவினார். மறுநாள் திங்கள். எங்கள் இருவரையும் பின்னால் ஏறி உட்காரச் சொன்னார். பாரத்தில் வண்டி இறங்குமாம். ஏறினோம். மண்டியிட்டு அளந்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து அரை இன்ச்சுதான்" என்றார், நாங்கள் ஏமாற்றிவிட்டதைப் போல.

"வயசான ஆளுங்கள சாக்கு மூட்ட மாதிரி ஏத்தி எறக்குறியே, வெக்கமா இல்ல?" என்றார் அக்கா. "அளவு எழுதினியே, அந்தப் புத்தகத்தக் கொண்டா."

கொண்டுவந்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பந்திங் ஹால் ஜன்னலைத் தாண்டி, தன் வரிக்கு வந்தார். நான் எட்டிப் பார்த்தேன். "அக்கா 17 + 1 = 18" என்று எழுதியிருந்தது.

"பதினேழு நான் தூக்குனது. இந்த ஒண்ணு யாரு தூக்குனது?"

லங்சிர்காரர்கள் ஜன்னலை அளந்ததும் அடியில் மடித்துத் தைக்க ஓர் அங்குலம் கூட்டித்தான் எழுதுவார்கள். முப்பது வருடமாக அண்ணனின் கை எந்த அளவையும் ஒன்று கூட்டாமல் எழுதியதில்லை.

"மடிப்புக்கு, அக்கா" என்றார், மிக மெதுவாக.

"என் காலையும் மடிச்சுத் தைக்கப் போறியா?"

முதலில் சிரித்தது அக்காதான். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். நாங்கள் பின்னால் மூட்டைகளாக உட்கார்ந்தபடியே சிரித்தோம். அண்ணன் மட்டும் சேகருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் சேகர் வொர்க்‌ஷாப்பைத் திறந்தார். பழைய சைஸிலேயே, பல் முரடான டயர் நாலு முதல் மாதமே வாங்கி ஓரமாக வைத்திருந்தாராம்.

மறுநாள் அக்கா தானாகவே ஏறினார்.

பெரிய டயர்கள் நாலும் இப்போது கடையில் இருக்கின்றன. மேலே பஞ்சு வைத்து, பூப்போட்ட துணியில் உறை தைத்திருக்கிறார். வாடிக்கையாளர்கள் அதில்தான் உட்காருகிறார்கள். போன வாரம் நானும் அதில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் இல்லை. மேசைமேல் அளவுப் புத்தகம் திறந்து கிடந்தது. ஜன்னல்களுக்கு நடுவே மாதத்துக்கு ஒரு தடவை அக்காவின் வரி வருகிறது. அதில் மட்டும் கூட்டல் இல்லை. அக்கா 17. அக்கா 17. அக்கா 16¾. கடைசி வரி, அக்கா 16½.

வண்டி எங்கே என்று கடைப் பெண்ணிடம் கேட்டேன். காலையிலேயே மேருவுக்குச் சேகரிடம் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னாள்.