மணமாலை மையத்தின் ஒலி ஒழிப்புக் கமிட்டி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் மதுரை சிம்மக்கல்லில் ஒரு லேப்டாப்பைச் சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டியது. இந்தச் சாதனைக்குச் சொந்தக்காரர்கள் ஜப்பானியர்கள் அல்ல. வெல்ல மண்டிக்கு மேல்மாடியில் நடந்துவந்த 'சுபமங்கள மணமாலைத் தகவல் மைய'த்தின் நிர்வாகக் கமிட்டியார். வரலாறு இதை இன்னும் எழுதிவைக்கவில்லையென்றால் அது வரலாற்றின் சோம்பேறித்தனம்.

அந்த லேப்டாப்பை இயக்கும் பொறுப்பு ஸ்வர்ணாவினுடையது. கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள். கல்யாண வயது வந்து, கொஞ்சம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடந்தும் போய்விட்டது என்று அவள் அம்மா லலிதாம்பாள் தினமும் நினைவூட்டிக்கொண்டிருந்தாள். ஊராருக்கெல்லாம் பொருத்தம் பார்த்துக் கொடுக்கிற பெண்ணுக்கு ஒன்றும் பொருந்தவில்லையே என்பது லலிதாம்பாளின் கவலை. ஸ்வர்ணாவுக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. அவளுக்கு வேலை பிடித்திருந்தது.

லேப்டாப், அமெரிக்காவில் இருக்கும் ஒரு சமூகப் பெருமகனார் தாம் புதிது வாங்கியதும் பழையதைச் 'சமூகத்துக்கு அர்ப்பணித்த' வகையில் வந்தது. திறப்பு விழாவில் அதற்கு மாலை போட்டு, சந்தனம் தெளித்து, சாம்பிராணி காட்டினார்கள். சாம்பிராணி உள்ளே போனது. வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து லேப்டாப் முனக ஆரம்பித்தது. வேலை கூடினால் சூடாகும். சூடானால் உள்ளே இருக்கும் குட்டி ஃபேன் 'ங்ங்ஙொய்ய்ய்' என்று சுற்றும். மற்றபடி மையத்தில் வேறு சத்தம் கிடையாது. கீழே லாரியிலிருந்து வெல்லச் சிப்பம் இறக்குவார்கள், டவுன் பஸ் ஹாரன் அடிக்கும், ஆட்டோக்காரர்கள் ஒருவர் குடும்பத்தை இன்னொருவர் விசாரிப்பார்கள், தலைக்கு மேல் சீலிங் ஃபேன் கடகடவென்று எப்போது விழலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் சத்தத்தில் சேராது. இது மதுரை.

ஆனால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு ஜாதகங்களையும் லேப்டாப்பில் போட்டுப் பொருத்தம் பார்க்கும் அந்தப் புனிதமான நேரத்தில் எழும்புகிற முனகல் வேறு விஷயம். சுவரில் பல்லி சொன்னாலே எடுத்த காரியத்தை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிற சனம் அது. பல்லிக்கே அம்புட்டு மரியாதை என்றால், அமெரிக்காவிலிருந்து வந்த பல்லிக்கு எவ்வளவு மரியாதை இருக்கும்?

முதலில் அடிபட்டது ஹரிஷ்குமார் என்ற நல்ல பையன். பத்துப் பொருத்தமும் பொருந்தி வந்துகொண்டிருந்தபோது லேப்டாப் முனகியது. பையனின் அம்மா நிமிர்ந்தாள்.

"என்னம்மா இது, எம் பையன் பேரப் போட்டதும் மெஷினு அழுகுது?"

"சூடாயிருச்சும்மா. உள்ள ஃபேன் சுத்துது," என்றாள் ஸ்வர்ணா.

"இத்தன நேரம் சுத்தாத ஃபேனு இப்ப ஏன் சுத்துது? அதுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. எந்திரிங்க, போவோம்."

ஹரிஷ்குமார் படியிறங்கும்போது பெண்ணைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். ஸ்வர்ணாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் வந்த மாப்பிள்ளை வேறு ரகம். பயோடேட்டாவில் முப்பத்திரண்டு வயது. தலைமுடி அதைவிட இளமையாக, நல்ல கறுப்பாக இருந்தது. காதோரம் மட்டும் சாயம் வழிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்வர்ணா மெல்ல எழுந்துபோய்ச் செயலாளர் பாலசுந்தரத்தின் காதோடு கேட்டாள்.

"சார், இவருக்கு முப்பத்திரண்டா? நீங்களும் இவரும் ஒண்ணாப் படிச்சதா அன்னிக்குச் சொன்னீங்களே?"

பாலசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடமான கேள்வி வந்தால் அவர் கண்ணாடி உடனே அழுக்காகிவிடும். "அவுக குடுத்தத நாம டைப் அடிக்கிறோம். நமக்கெதுக்கும்மா வம்பு?"

ஸ்வர்ணா நாற்காலிக்குத் திரும்பினாள். மாப்பிள்ளை கொடுத்திருந்த போட்டோக்கள் அத்தனையையும் ஒரே நேரத்தில் திறந்தாள். அருவிக்கரையில் நிற்கிற படம், ஸ்டூடியோ மோட்டார் சைக்கிளில் சாய்ந்த படம், எல்லாமே ராட்சச சைஸ். லேப்டாப் திணறியது. பிறகு தொண்டையைத் திறந்து அலறியது. பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். பெண் முதல்முறையாக நிமிர்ந்து, லேப்டாப்பை அன்போடு பார்த்தது.

அன்று ஸ்வர்ணா இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள்.

அதன்பிறகு அந்த மையத்தில் வாய் திறந்து உண்மை பேசுகிற ஒரே ஜீவனாக லேப்டாப் விளங்கியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் கமிட்டித் தலைவருக்குக் கோபம் வந்தது. அவருடைய தங்கை மகன் விஜய்ஆனந்த் பெயரை எந்தப் பெண்ணின் ஜாதகத்தோடு போட்டாலும் லேப்டாப் ஊரைக் கூட்டியது.

விஜய்ஆனந்த் பயோடேட்டாப்படி பெங்களூரில் சாஃப்ட்வேர். ஒவ்வொரு புதன்கிழமையும் காலையில் சிம்மக்கல்லுக்கு வந்து, புதிதாக எடுத்த போட்டோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்.

"சார், இவருக்கு வாராவாரம் லீவா?" என்று ஸ்வர்ணா ஒருநாள் கேட்டாள்.

"சாஃப்ட்வேரும்மா. அவுக எங்கன இருந்து வேணாலும் வேல பாப்பாக," என்றார் பாலசுந்தரம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். கமிட்டியார் வீட்டில் பேசுவது வேறு பாஷை. கூட்டம், தீர்மானம் என்று வந்துவிட்டால் சுத்தத் தமிழ்தான். 'மையத்தின் மாண்புக்கு ஊறு விளைவிக்கும் அநாவசிய ஒலியை அறவே ஒழிப்பது' என்று தீர்மானித்து, பாலசுந்தரம் தலைமையில் 'ஒலி ஒழிப்பு உபகமிட்டி' அமைத்தார்கள். வடையும் காபியும் வந்தன.

உபகமிட்டி அயராமல் உழைத்தது. லேப்டாப்புக்குக் கீழே நனைத்த சுங்குடித் துணியை மடித்து வைத்தார்கள். லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. துணியின் சிவப்பு மேஜைக்கு ஏறியது. ஜிகர்தண்டா கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து தாம்பாளத்தில் வைத்து, அதன்மேல் லேப்டாப்பை எழுந்தருளச் செய்தார்கள். பொருத்தம் பார்க்க வந்தவர்கள், வீட்டில் ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டது என்று நினைத்து வாசலிலேயே துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். எலுமிச்சம்பழமும் வைத்துப் பார்த்தாயிற்று.

கடைசியில், கோரிப்பாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த பெனடிக்டை அழைத்தார்கள். அவர் திருப்புளியால் திறந்து, உள்ளேயிருந்து சாம்பிராணிச் சாம்பலையும் பஞ்சையும் ஒரு கை அள்ளி மேஜையில் வைத்தார்.

"தூசி எடுத்துட்டேன், கொஞ்சம் கொறையும். ஆனா ஃபேன் தேஞ்சுபோச்சு சார். இந்த மாடலுக்கு மாத்து ஃபேன் மதுரையில கெடைக்காது."

"சத்தமே வரக் கூடாது தம்பி. சுத்தமா வரக் கூடாது. அதுக்கு வழி சொல்லு," என்றார் பாலசுந்தரம்.

பெனடிக்ட் அலுத்துப்போய்ச் சிரித்தார். "சத்தமே வரக் கூடாதுன்னா வேலையே குடுக்கக் கூடாது. வேல பாக்கலன்னா சூடாகாது. சூடாகலன்னா ஃபேன் சுத்தாது. சும்மா வச்சிருங்க, சமத்தா இருக்கும்."

விளையாட்டாகச் சொன்னார். உபகமிட்டிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தாங்கள் ஆயுள் முழுக்கக் கடைப்பிடித்துவந்த கொள்கை ஒரு விஞ்ஞான உண்மை என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரியவந்தது.

மறுநாளே லேப்டாப்பின் 'பணிச்சுமை' குறைக்கப்பட்டது. முதலில் போட்டோக்களை எடுத்தார்கள். முனகல் பாதியானது. பிறகு ஜாதகங்களை எடுத்தார்கள். பெருமூச்சு மட்டும் மிஞ்சியது. கடைசியில் பொருத்தம் பார்க்கிற புரோகிராமையே எடுத்துவிடச் சொன்னார் பாலசுந்தரம். இரண்டு வாழைமரம், நடுவில் மாலை, கீழே 'பத்துப் பொருத்தமும் உத்தமம்' என்று ஒரே ஒரு பக்கம் போதும் என்றார்.

"சார், எல்லாருக்கும் உத்தமம்னே வருமே?"

"உத்தமம்னு வந்தா யாராச்சும் சண்டைக்கு வருவாங்களாம்மா?"

"வரமாட்டாங்க."

"பெறகென்ன?"

ஸ்வர்ணா பொத்தானை அழுத்தினாள். அவளுடைய குரலை அவளே அழிக்கிற மாதிரி இருந்தது.

லேப்டாப் மௌனமடைந்த வைபவத்தை விழாவாகக் கொண்டாடினார்கள். மைக்செட் வைத்து, தெருவின் இரண்டு முனையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். லேப்டாப்பிலிருந்து சத்தம் வரவில்லை என்பதை ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று, தலைவர் மைக்கை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார். சிம்மக்கல் முழுவதும் மைக் 'கூய்ய்ய்' என்று கத்தியது. கைதட்டல் அடங்க நேரமானது.

விழாவின் நிறைவாகத் தலைவர் லலிதாம்பாளை அழைத்து, பெரிய மனதோடு ஓர் அறிவிப்புச் செய்தார். "நம்ம விஜய்க்கு நம்ம ஸ்வர்ணாவையே பாத்தா என்ன? வர்ற புதன்கெழம நல்ல நாளு."

லலிதாம்பாளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஸ்வர்ணா லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

புதன்கிழமை கமிட்டி முழுவதும் கூடியிருந்தது. விஜய்ஆனந்த் புதுச் சட்டையில் வந்திருந்தார். அவருடைய அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க வேலைக்குப் போற பழக்கம் இல்ல. இவன் சம்பாத்தியமே தாராளம். பொண்ணு வேலைய விட்டுரணும்."

"விட்டுருவா, விட்டுருவா," என்றாள் லலிதாம்பாள்.

"மொதல்ல பொருத்தத்தப் பாருங்க," என்றார் தலைவர்.

தன் ஜாதகத்துக்குத் தானே பொத்தானை அழுத்த வேண்டிய பாக்கியம் உலகில் எத்தனை பெண்களுக்குக் கிடைத்திருக்கிறது? ஸ்வர்ணா அழுத்தினாள். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். தூசி, சூடு, தேய்ந்த ஃபேன் எல்லாம் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு தரம் முனகிவிடேன் என்று அதைக் கெஞ்சினாள். வாழைமரம் வந்தது. மாலை வந்தது. 'பத்துப் பொருத்தமும் உத்தமம்' வந்தது. லேப்டாப் வாயைத் திறக்கவில்லை.

"பாத்தியா, சத்தமே இல்ல!" என்று லலிதாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சத்தம் வந்தது. ஆனால் லேப்டாப்பிலிருந்து அல்ல.

"நீங்க எந்தக் கம்பெனில வேல பாக்குறீங்க?" என்று கேட்டாள் ஸ்வர்ணா.

மாப்பிள்ளை திடுக்கிட்டார். "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது. அக்ரிமெண்ட்."

"இன்னைக்குப் புதன்கெழம. போன புதன்கெழமயும் வந்தீங்க. பெங்களூருக்கு எப்பதான் போறீங்க?"

"சாஃப்ட்வேர்ல அப்படித்தாங்க. சந்தேகம்னா பாலசுந்தரம் மாமாவக் கேளுங்க. ரெண்டு வருசமா தெனமும் இங்க மதுரையில, திருநகர் டீக்கடையில எம் பக்கத்துலதான உக்காந்து பேப்பர் படிக்கிறாரு!"

பாலசுந்தரத்தின் கண்ணாடி முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு அழுக்காகியிருந்தது.

"சார், உங்களுக்குத் தெரியும்," என்றாள் ஸ்வர்ணா. பிறகு கமிட்டியைச் சுற்றிப் பார்த்தாள். "உங்க எல்லாருக்கும் தெரியும்." அவள் குரல் உடைந்தது. உடைந்தாலும் உரக்கத்தான் இருந்தது.

ஒருவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். ஒருவர் வடையைப் பார்த்தார். லலிதாம்பாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"மெஷினே சும்மா இருக்கேடி. நீ ஏன்டி..."

"அது வாயத்தான் இவுக எல்லாம் சேந்து அடைச்சுட்டாங்களேம்மா."

லலிதாம்பாள் லேப்டாப்பைப் பார்த்தாள். கமிட்டியைப் பார்த்தாள். தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பொண்ணு ரொம்பச் சத்தமாப் பேசுது," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். எல்லாரும் அதை ஆமோதித்தார்கள்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். மையத்தில் மீண்டும் 'அநாவசிய ஒலி' எழுந்திருப்பதை உபகமிட்டி வருத்தத்துடன் கவனத்தில் கொண்டது. காரணத்தை ஆராய்ந்தது. வேலை கொடுத்தால் சூடு, சூடானால் சத்தம் என்ற விஞ்ஞான உண்மை கையில் இருக்கும்போது அதிக நேரம் ஆகவில்லை. 'ஸ்வர்ணாவின் பணிச்சுமையை முற்றிலும் குறைப்பது' என்று ஏகமனதாகத் தீர்மானித்து, மறுநாள் முதல் அவள் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஸ்வர்ணா இப்போது கோரிப்பாளையத்தில் பெனடிக்டின் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே எல்லா மெஷினும் போட்டிபோட்டுக்கொண்டு முனகுகின்றன; யாரும் சகுனம் பார்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஹரிஷ்குமாரின் வீட்டுக்குப் போய், அன்று அழுதது மெஷின் இல்லை, சாம்பிராணி என்று அவன் அம்மாவிடம் விளக்கிவிட்டு வந்தாள். அவனுக்கும் அன்று எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கும் தையில் கல்யாணம்.

சிம்மக்கல் மையமும் சிறப்பாக நடந்துவருகிறது. லேப்டாப்பை எப்படித் திறப்பது என்று யாருக்கும் தெரியாததால் அது மூடியபடியே இருக்கிறது. அதன்மேல் காபி டம்ளர் வைக்கிறார்கள். சத்தமில்லாமல் ஓடும் லேப்டாப்பைக் கண்டுபிடித்ததற்காகக் கமிட்டியாருக்குப் பாராட்டு விழா எடுக்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எடுக்க வேண்டியதுதான். ஆனால் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வது சரியாக இருக்காது. தங்களைப் போலவே இன்னொன்றைச் செய்து மேஜைமேல் வைத்தார்கள், அவ்வளவுதான். அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறவர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை கண்ணெதிரே பாழாகும்போதுகூட, இன்றுவரை ஒரு தரமும் சூடானதில்லை.