கந்தி அண்ணனின் பேக்கிங் பவுடர்

ஐம்பத்து மூன்று வயதும், நிரந்தர உத்தியோகமும், மூக்குக் கண்ணாடியும் உள்ள ஒரு மனிதன் பட்டப்பகலில் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் புகுந்து பேக்கிங் பவுடர் திருடினான் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பித்தான் ஆக வேண்டும். அந்த மனிதன் நான். திருட்டில் எனக்கு லாபம் எதுவும் இல்லை. என் வீட்டிலேயே அதில் மூன்று டப்பா, காலாவதித் தேதி வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தேன்.

காரணம் பொறாமை. சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் கார்மேல் பொறாமை வரும். சிலருக்கு அவருடைய தலைமுடிமேல் வரும். எனக்கு வந்தது ஒரு கேழ்வரகு கேக்மேல்.

அந்தக் கேக்கைச் செய்தவர் கந்தி அண்ணன். பினாங்குத் தீவின் நான்கு கரைகளுக்குள் எந்தப் பொருளையும் அதற்குரிய பொருளைக் கொண்டு செய்யாத ஒரே மனிதர் அவர்தான் என்று தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் நின்று சத்தியம் செய்வேன். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் அடுக்குமாடியில் ஒருவருக்கும் தெரியாது. புதிதாகக் குடிவருகிறவர்கள் பெயரில் ஒரு துணைக்காலைத் தாமாகவே சேர்த்துக்கொண்டு, கைத்தடியும் ராட்டையுமாக ஒரு மகானை எதிர்பார்த்துக் கதவைத் தட்டுவார்கள். கைலியும் முழங்கை வரை மாவுமாக ஒரு கரிய, குட்டையான மனிதர் திறப்பார். 'கந்தி' மலாய்ச் சொல். இல்லாத ஒன்றின் இடத்தில் இருக்கிற ஒன்றை வைப்பதுதான் கந்தி. டீச்சர் லீவு போட்டால் வகுப்புக்கு வருகிறவர் குரு கந்தி. வீட்டுச் சாவி தொலைந்தால் கைகொடுப்பது கந்தி சாவி. அவருடைய கந்தி சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

முப்பது வருடம் ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தவர். "உதிரி சாமான் வரலன்னு கஸ்டமர திருப்பி அனுப்புறவன் மெக்கானிக் இல்ல தம்பி, போஸ்ட்மேன்," என்பார். பட்டறையை விற்றுவிட்டு வந்தபோது கேக் செய்யத் தொடங்கினார். அவனையும் பழையதாகத்தான் வாங்கினார். (அடுப்பைச் சொல்கிறேன், ஆளை அல்ல.) அதன் கதவுக்குக் கைப்பிடி இல்லை. அந்த இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் கிளச் லீவரைப் பொருத்திவிட்டார். கேக் வெந்துவிட்டதா என்று பார்க்க அவர் கிளச் பிடிப்பதை நாங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்போம்.

என் கதை வேறு. வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்களை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் பிழைப்பு. ஒரு எண் இடம் மாறினால் ஒருவனுடைய வீடு இன்னொருவனுக்குப் போய்விடும். அதே பக்தியோடுதான் நான் கேக்கும் செய்தேன். கிராமுக்குக் கிராம் காட்டும் மின்தராசு வாங்கினேன். சமையல் புத்தகங்களுக்கு அடிக்கோடு போட்டேன். புத்தகம் நூற்றெண்பது டிகிரி என்றால் நூற்றெழுபத்தொன்பதில் கேக்கை உள்ளே விட மாட்டேன். என் மனைவி மல்லிகா என் முதல் ஸ்பாஞ்ச் கேக்கை ஒரு வாய் தின்றுவிட்டு, நெடுநேரம் மென்றாள்.

"உங்க பத்திரம் மாதிரியேதாங்க இருக்கு. ஒரு தப்பு இல்ல."

"அப்புறம்?"

"தண்ணி வேணும்."

அதே வாரம் கந்தி அண்ணன் ஒரு தட்டில் கேழ்வரகு கேக் அனுப்பினார். தட்டு காலியாகத் திரும்பியது. அதை மல்லிகா கழுவிய விதத்திலேயே என் வீழ்ச்சி தொடங்கிவிட்டது. பாடிக்கொண்டே கழுவினாள்.

உளவு பார்க்க அவர் வீட்டுக்கு அடிக்கடி போனேன். முதலில் அவர் செய்ததை மன்னிக்க முடிந்தது. கேக் மாவு இல்லாவிட்டால், ஒரு கப் மைதாவில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோளமாவு போடலாம். இது புத்தகத்திலேயே உண்டு. அவர் மைதாவையே எடுத்துவிட்டார். கேழ்வரகு மாவையும் கடலை மாவையும் போட்டார். மோர் வேண்டிய இடத்தில் தேங்காய்ப் பாலில் எலுமிச்சை பிழிந்தார். ஒருநாள் எலுமிச்சையும் இல்லை. பாலிக் புலாவிலிருந்து தங்கை கொடுத்தனுப்பிய ஜாதிக்காய்ச் சாற்றை ஆப்பச்சோடாவின்மேல் ஊற்றினார். கிண்ணம் சீறியது. நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"எவ்வளவு ஊத்துனீங்கண்ணே?" என் கையில் குறிப்பேடு இருந்தது.

"போதும்னு சொல்ற வரைக்கும் லா." பேச்சின் வாலில் ஒரு மலாய் 'லா' ஒட்டுவது அவர் வழக்கம்.

"யாரு சொல்ற வரைக்கும்?"

"மாவுதான். வேற யாரு, நீயா?"

அவருக்குத் தோல்வியே வராதா என்று கேட்பீர்கள். வந்தது. ஒருமுறை பச்சைப்பயற்று மாவில் செய்த கேக் தகரத்தை விட்டு வெளியே வர மறுத்துவிட்டது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் அதை உளியால் பெயர்த்து, துண்டு போட்டு, வெயிலில் காயவைத்து, "கேக்குக்கு கந்தி ரஸ்க்" என்று வீடு வீடாகக் கொடுத்தார். மூன்றாம் மாடி அக்கா என்னிடம் வந்து, "அண்ணே, நீங்கதான் எல்லாம் எழுதி வச்சுக்குறீங்களே, அந்த ரஸ்க் எப்படின்னு சொல்லுங்களேன்," என்றாள்.

அவருடைய டின்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அலமாரியில் பதினோரு பிஸ்கட் டின்கள், ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவில் பெரிதாக எழுத்து. 'கோதுமை' என்ற டின்னைத் திறந்தால் கேழ்வரகு. 'முட்டை'யைத் திறந்தால் ஆளிவிதைப் பொடி, தைப்பூச விரதக்காரர்களுக்காக. 'சீனி'யில் வெல்லம்.

"அண்ணே, எல்லாமே தப்பா இருக்கு," என்றேன். அதைச் சொல்வதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்.

"பள்ளிக்கூடத்துல டைம் டேபிள் பாத்திருக்கியா? லீவு போட்ட டீச்சர் பேருதான் அதுல இருக்கும். வந்து நிக்கிறது குரு கந்தி. இங்கயும் அப்படித்தான். உள்ள யாரு இருக்கான்னு எழுதல தம்பி. யாருக்காக வந்திருக்கான்னு எழுதியிருக்கு."

'பேக்கிங் பவுடர்' என்று எழுதிய டின்னில் ஆப்பச்சோடாவையும் எலுமிச்சை உப்பையும் அவரே கலந்து வைத்திருந்தார். இதையும் குறித்துக்கொண்டேன்.

பிறகு மல்லிகாவின் ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. மாதத் தொடக்கத்திலேயே நான் மூன்றடுக்குக் கேக்குக்கு வரைபடம் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"என்னங்க, கோவிச்சுக்காதீங்க. கந்தி அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அந்த ராகி கேக்."

இருபத்தாறு வருடத் திருமண வாழ்க்கையில் வேறொரு ஆணின் பெயரை அவள் அப்படி ஒரு குரலில் சொன்னதில்லை. நான் கோவித்துக்கொள்ளவில்லை. தராசைப் போர்வை போட்டு மூடினேன்.

பிறந்தநாளன்று காலை அவள் தண்ணீர்மலைக்குப் போய்விட்டாள். கந்தி அண்ணன் முட்டை வாங்கப் பாசாருக்கு இறங்கினார். ஆணியில் சாவி தொங்கியது. அவர் தந்த கந்தி சாவியால் அவர் கதவையே திறந்து, பேக்கிங் பவுடர் டின்னைக் காலி செய்து, எங்கள் வீட்டு அரிசி மாவை அதே அளவுக்கு நிரப்பினேன். அளவில் நான் தவறுவதே இல்லை. கேக் எழும்பாது. தோசைபோல் தட்டில் கிடக்கும். மல்லிகா ஒரு வாய் தின்றுவிட்டுத் தண்ணீர் கேட்பாள். எனக்கு அது போதும்.

ஒரு மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கையில் டின்னோடு கந்தி அண்ணன்.

"தம்பி, இத நாக்குல வச்சுப் பாரு."

வைத்தேன். எங்கள் வீட்டு ருசிதான். "அரிசி மாவு மாதிரி இருக்குண்ணே."

"மாதிரி இல்ல லா, அரிசி மாவேதான். பேக்கிங் பவுடர் டின்னுல எப்படி வந்துச்சு?"

"தெரியலயே."

"நான்தான் போட்டிருக்கணும். வீட்டுல வேற யாரு இருக்கா?" அவர் டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க பெரியண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்குச்சு. உப்ப எடுத்து சட்டப் பையில போட்டுக்குவாரு. அப்புறம் எங்க பேரெல்லாம் போச்சு. கடைசியில அண்ணிய பாத்து யாருன்னு கேட்டாரு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நெற்றியைத் தட்டிக் காட்டினார். "எல்லாத்துக்கும் கந்தி இருக்கு தம்பி. இதுக்குத்தான் இல்ல."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். நான் சொன்னது, "என்கிட்ட பேக்கிங் பவுடர் இருக்குண்ணே, தரட்டா?"

"வேணாம் லா. கடச் சரக்கு நமக்குப் பழக்கமில்ல. புளிச்ச இட்லி மாவு இருக்குதா?"

இருந்தது. மல்லிகா அரைத்தது. என் கையாலேயே ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்தேன்.

கேழ்வரகில் அந்த மாவைக் கலந்து, பால்கனி வெயிலில் நாலு மணி நேரம் வைத்து, முட்டையை நுரைக்க அடித்து ஊற்றியிருக்கிறார். மாலையில் கேக் வந்தபோது அது எழும்பியிருந்தது என்று சொல்வது போதாது. தகரத்தின் விளிம்பைத் தாண்டி என்னை எட்டிப் பார்த்தது. மல்லிகா ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினாள். மூன்றாம் மாடி அக்கா இரண்டாம் துண்டுக்குத் தட்டை நீட்டினாள். என் பொறாமைக்கு அன்றைக்கு நல்ல விருந்து.

கந்தி அண்ணன் மட்டும் சாப்பிடவில்லை. எங்கள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு கரண்டி அளவைக்கூட எழுதி வைக்காத மனிதர்.

"நீ பத்திரமெல்லாம் பாக்குற ஆளு. இது சரியா இருக்கா, பாரு."

வாங்கிப் பார்த்தேன். பதினோரு வரி. 'கோதுமை டின், உள்ளே ராகி. முட்டை டின், உள்ளே விதை.' எழுத்து கோணல் மாணலாக, குழந்தை எழுதியதுபோல் அழுத்தி எழுதியிருந்தது. கடைசி வரிக்கு வந்தேன். 'பேக்கிங் பவுடர் டின், தினமும் நாக்கில் வைத்துப் பார்க்கவும்.'

என் உத்தியோகத்தில் அப்படி ஒரு பத்திரத்தை நான் பார்த்ததில்லை. மூலமே பொய். பொய் சொன்னவன் நான்.

"அண்ணே, அந்த டின்ன மாத்துனது நான்தான்."

"எது?"

"அரிசி மாவு. காலையில நீங்க பாசாருக்குப் போனப்ப. உங்க சாவிய வச்சுத் தெறந்தேன்."

"நீயா? எதுக்கு?"

"பொறாமண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். முக்காலி ஆடுகிற அளவுக்குச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பினால் மட்டும் வந்ததல்ல.

"பொறாமதானா? அட, வெறும் பொறாமதானா லா? நான் மறதின்னில்ல நெனச்சுட்டேன்." காலண்டர் தாளை நாலாய்க் கிழித்தார். ஒரு பெரிய துண்டு கேக்கை வெட்டி என் கையில் திணித்தார். "தின்னு. மறதிக்கு கந்தியா பொறாம வந்தா, எனக்கு லாபம்தான்."

இவ்வளவு ஆனந்தமாக என்னை யாரும் மன்னித்ததில்லை. அதிலும் அவரே ஜெயித்துவிட்டார் என்று அந்த நேரத்திலும் கொஞ்சம் எரிந்தது. மல்லிகாவிடம் அவர் மூச்சு விடவில்லை. இந்தப் பத்தியைப் படித்துத்தான் அவளுக்கே தெரியப்போகிறது.

சில மாதங்களில் அவர் தங்கையோடு இருக்க பாலிக் புலாவ் போய்விட்டார். ஜாதிக்காய் மரத்தடியில் புது அடுப்பாம். எதனால் செய்தது என்று நான் கேட்கவில்லை. கிளச் லீவர் வைத்த அடுப்பையும் டின்களையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. புதிதாக வந்த பன்னிரண்டாவதில் 'கந்தி அண்ணன்' என்று எழுதியிருந்தது. உள்ளே யார் இருக்கிறார் என்பதல்ல, யாருக்காக வந்திருக்கிறார் என்பதுதான் அவருடைய டின் சட்டம். திறந்தேன். மாவு இல்லை. பட்டறைக் காலத்து மோட்டார் சைக்கிள் கண்ணாடி ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தேன். அதில் என் மூக்குக் கண்ணாடி தெரிந்தது. டின்னை மூடி, மற்ற பதினொன்றோடு அலமாரியில் வைத்தேன்.

இந்த வருடம் மல்லிகாவின் பிறந்தநாளுக்கு அந்த டின்களைக் கொண்டு, தராசைத் தொடாமல், மாவு போதும் என்று சொல்லுகிற வரைக்கும் காத்திருந்து நானே கேக் செய்தேன். கிளச் பிடித்துக் கதவைத் திறந்தேன். எழும்பியிருந்தது. அவள் ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். நான் தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் நகர்த்தினேன்.

"ம்ம்," என்றாள் கண்ணைத் திறந்து. "கந்திக்கு பரவாயில்ல."